பதிமூன்றாம் நிலையில் ஒரு கோழி

முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். என்னை முன்கோபி என்று என் மனைவி சொல்வாள். 'அப்பாவுக்குக் கொஞ்சம் பிரஷர்' என்று மகள் நாகரிகமாகச் சொல்வாள். இரண்டும் ஒன்றுதான். ஒரு பொருள் சரியாக வேலை செய்யவில்லை என்றால் எனக்குப் பொறுக்காது. மூடியைத் திறந்து, கையை விட்டு, சரிசெய்தே ஆக வேண்டும். அந்தக் கையை விடக் கூடாத இடத்தில் விட்டு நான் பட்ட பாட்டைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

என் மனைவி வேலை பார்ப்பது பெரிய பஸ் நிலையத்தில், தொலைந்த பொருள் பிரிவில். ஜனங்கள் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்குகிற சகலமும் அவளிடம்தான் வந்து சேரும். குடை, மூக்குக் கண்ணாடி, கைத்தடி, ஒற்றைச் செருப்பு, பல் செட்டு. பல் செட்டை ஸீட்டில் விட்டுவிட்டு ஒரு மனுஷன் எப்படி இறங்கிப் போக முடியும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த அறையில் கிழமைக்கு ஒன்றாக ஏழு இரும்பு அலமாரிகள். பொருள் வந்ததும் பஸ் நம்பரும் நேரமும் அட்டையில் எழுதி, நூலால் கட்டி, அந்தந்தக் கிழமை அலமாரியில் வைக்க வேண்டும். தேடி வருகிறவரிடம் மூன்று கேள்வி கேட்பாள். எந்த பஸ், எத்தனை மணி, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத அடையாளம் என்ன? மூன்றுக்கும் பதில் வந்தால்தான் பொருள் கை மாறும். ஒரு தடவை போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைத் தேடி வந்தார். அவரிடமும் இதே மூன்று கேள்விதான். தொப்பிக்குள் என்ன இருந்தது என்று சொல்ல அவருக்கு வெட்கமாகிவிட்டது. கொஞ்சம் முடி, அவருடைய சொந்த முடி அல்ல. சொன்ன பிறகுதான் கொடுத்தாள்.

இருபத்திரண்டு வருஷம் இப்படி ஓடியது. ஓய்வு வயது தாண்டியும், அவளைப் போல ஆள் கிடைக்காது என்று வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து வைத்துக்கொண்டார்கள். எனக்கும் அது சௌகரியம். வேலையை விட்ட இரண்டு பேர் ஒரே வீட்டில் பகல் முழுக்க இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷக் கடைசியில் சின்னச் சின்னத் தப்புகள் வர ஆரம்பித்தன. வெள்ளிக்கிழமை வந்த மூக்குக் கண்ணாடி செவ்வாய்க்கிழமை அலமாரியில் போய் உட்கார்ந்தது. ஒரு அம்மாவின் காது மிஷின் மூன்று நாள் கிடைக்கவில்லை. பிறகு ஒருநாள், ஒரே மனிதரிடம் பத்து நிமிஷ இடைவெளியில் மூன்று கேள்வியையும் இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். அந்த ஆள் கவுண்டரைத் தட்டிச் சத்தம் போட்டிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்து, அவர் சத்தம் போட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "மொதல்ல கேட்டது எனக்குத் தெரியவே இல்லைங்க" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டர் நிறையப் படம் காட்டி, நிறையக் கேள்வி கேட்டு, லேசான ஞாபகக் குறைபாடு என்றார். "வயசானா வர்ற மறதியைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். இது அப்படியே நிக்கலாம், மெதுவா கூடவும் செய்யலாம். சில பேருக்குக் குறையுது. நடங்க, நல்லா தூங்குங்க, இந்த ஆன்லைன் பயிற்சியில சேருங்க" என்று ஒரு தாள் கொடுத்தார்.

பஸ் நிலைய மேலாளர் நல்ல மாதிரி. என் மகளைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார். "அக்கா, ஒப்பந்தம் முடிய ரெண்டு மாசம் இருக்கு. பயிற்சியை முடிச்சு அவங்க குடுக்கற அறிக்கையைக் கொண்டு வாங்க. பாத்துட்டு முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் கவுண்டர்ல வேற ஆள் உக்காரட்டும். நீங்க உள்ள இருந்து அட்டை மட்டும் எழுதுங்க" என்றார். அவள் 'சரி தம்பி' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்கு அந்தக் கவுண்டர்தான் எல்லாம். தொலைத்தவர்கள் முகம் மலர்கிற இடம் அதுதானே. உள்ளே உட்கார்ந்து அட்டை எழுத அவள் எதற்கு? பயிற்சி முடிகிறவரைக்கும் லீவு சொல்லிவிட்டாள்.

மகள் ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பினாள். பயிற்சி ஐம்பத்தாறு நாள். தினம் அரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மட்டும் பயிற்சியாளர் வீடியோவில் வந்து ஆறு பேருக்கு வகுப்பு எடுப்பார். ஆறு பேரும் ஆறு சின்னக் கட்டத்தில் தெரிவார்கள். அதில் கப்பலில் சமையல்காரராக இருந்த ஒருவர் உண்டு. அவருக்கு நெற்றி மட்டும்தான் தெரியும், மீதி எல்லாம் திரைக்குக் கீழே. முதல் வாரமே அவர், "டீச்சர், நான் வீட்டுப்பாடம் பண்ணல. வீட்டுப்பாடம் இருக்குங்கறதே எனக்கு ஞாபகம் இல்ல" என்றார். ஆறு கட்டமும் குலுங்கிச் சிரித்தது. என் மனைவி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது பல வாரத்துக்குப் பிறகு அன்றுதான்.

ஆட்டங்கள் பல மாதிரி. ஒன்றில் முகத்தைக் காட்டிப் பெயர் சொல்வார்கள், பிறகு எந்தப் பெயர் யாருக்கு என்று கேட்பார்கள். ஒன்றில் கடைச் சாமான் பட்டியல். எனக்குப் பிடித்தது ஜன்னல் ஆட்டம். ஒரு பெரிய மாடிக் கட்டடம். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எந்த வரிசையில் எரிந்ததோ அதே வரிசையில் நாம் தொட வேண்டும். மூன்றாம் நிலையில் மூன்று ஜன்னல், நாலாம் நிலையில் நாலு ஜன்னல், அப்படியே ஏறிக்கொண்டு போகும்.

"அம்மா, இது பரீட்சை இல்ல" என்று பயிற்சியாளர் முதல் நாளே விளக்கினார். "அன்னிக்கு நீங்க எடுத்ததுலயே நல்ல மதிப்பெண்ணைப் பாத்து மிஷினே உங்க நிலையை வெக்கும். பத்துக்கு எட்டு சரியா வர்ற இடம்தான் உங்க இடம். அங்க இருந்தாதான் மூளைக்கு வேலை." இவ்வளவும் எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார். நான் அப்போது மேஜைக்கு அடியில் குனிந்து அதன் ஆடுகிற காலை முடுக்கிக்கொண்டிருந்தேன். பாதிதான் காதில் விழுந்தது.

முதல் மூன்று வாரத்தில் மூன்றிலிருந்து ஐந்துக்கு ஏறினாள். பிறகு நாலுக்கு இறங்கி அங்கேயே நின்றாள். தினம் காலை ஒன்பதரைக்கு உட்காருவாள், திரையில் '4' என்று வரும், உதட்டைக் கடித்துக்கொள்வாள். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டைப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கரண்ட் போய் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால், நாங்கள் மொட்டை மாடி அறைக்குப் போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றி அடுத்த மாடிக்கு ஏற்றிவிடுவோம். கதவு திறக்கும், ஜனங்கள் இறங்கிப் போய்விடுவார்கள். இதையும் ஒரு மாடி சுற்றிவிட்டால் என்ன என்று தோன்றியது. என் புத்தி அப்படி.

அவள் எழுந்திருப்பது ஆறு மணிக்கு. திங்கட்கிழமை ஐந்தேகாலுக்கு நான் எழுந்து, பூனை மாதிரி சாப்பாட்டு மேஜைக்கு வந்து, டேப்லெட்டைத் திறந்தேன். எனக்கு அதை ஆன் பண்ணவே தெரியாது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அந்தப் பெயரைக் காப்பாற்றி வந்தேன், இல்லாவிட்டால் கரண்ட் பில், காஸ் புக்கிங் எல்லாம் என் தலையில் விழும். அன்று ஆடி ஐந்தாக்கினேன். செவ்வாய் ஆறு. புதன் ஏழு. அதற்குப் பிறகு அவளுக்காக ஆடினேனா எனக்காக ஆடினேனா என்று கேட்டால் சத்தியமாகச் சொல்லத் தெரியாது. ருசி கண்டுவிட்டேன். பத்தாம் நிலையை முடித்தபோது திரையில் தொப்பி போட்ட ஒரு கோழி வந்து இறக்கையைத் தட்டியது. அறுபத்தொன்பது வயதில் ஒரு கோழி கைதட்டியதற்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவளிடம் என்ன மாற்றம் வந்தது என்பதைப் பார்க்கும்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஒன்பதரைக்கு உட்காருவாள். 'வாழ்த்துகள்! இன்று நீங்கள் எட்டாம் நிலையை முடித்துவிட்டீர்கள்' என்று திரையில் வரும். அவள் அதை இரண்டு தடவை படிப்பாள். பிறகு எட்டு ஜன்னல் எரியும், நாலைத் தொடுவாள், ஐந்தாவதில் கை அந்தரத்தில் நிற்கும். அரை மணி நேரமும் அப்படியே. முடிந்ததும் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள்.

"எட்டு வந்துடுச்சே, சந்தோஷமா இரேன்" என்று ஒரு நாள் சொன்னேன்.

"வந்திருக்கு" என்றாள்.

அந்த வார வெள்ளிக்கிழமை வகுப்பில் கப்பல் சமையல்காரரின் நெற்றி வியப்பில் சுருங்கியது. "ஒம்போதாம் நிலையா! என்னம்மா சாப்பிடறீங்க வீட்டுல?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "நான் ஆடறப்ப ஒண்ணுமே வரமாட்டேங்குது" என்றாள். தூக்கம் சரியாக இருக்கிறதா என்று பயிற்சியாளர் விசாரித்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தைரியம் வரவில்லை, இன்னும் இரண்டு நிலை ஏற்றினால் வந்துவிடும் என்று முடிவு செய்தேன். என்னை என்ன சொல்வது!

அடுத்த வெள்ளிக்கிழமை விடியற்காலை. அதற்குள் பதினோரு நாள் ஆடி, பன்னிரண்டாம் நிலையை முடித்து, பதிமூன்றாம் நிலையையும் ஒரு தடவை தொட்டுவிட்டேன். அன்றும் டேப்லெட்டை எடுத்தேன். அடியில் ஒரு தாள் மடித்து வைத்திருந்தது. அவள் கையெழுத்து, அட்டை எழுதுகிற அதே நிமிர்ந்த எழுத்து. மேலாளருக்கு எழுதிய கடிதம்.

'காலையில் நான் பயிற்சி செய்வதாக இயந்திரம் காட்டுகிறது. செய்தது எனக்கு நினைவில் இல்லை. பதினோரு நாளாக இப்படி இருக்கிறது. செய்ததையே மறக்கிற ஒருவர் பிறர் பொருளைக் காக்கும் இடத்தில் இருப்பது சரியல்ல. எனவே என்னைப் பணியிலிருந்து விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.'

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் கவலைப்பட்டது ஆட்டம் வராததற்காக அல்ல. தானே எழுந்து வந்து, தானே ஆடி, அதைச் சுத்தமாக மறந்துபோகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். பதினோரு நாளும் ஒவ்வொரு காலையும் தன் புத்தி தன் கையைவிட்டுப் போவதை அவள் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றுவதற்கு முன், உள்ளே இருப்பவர்களிடம் குரல் கொடுத்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் லிஃப்ட் அறுந்து விழுகிறதோ என்று பயந்துபோவார்கள். முப்பத்தெட்டு வருஷம் நான் தவறாமல் செய்த காரியம் அது.

ஆடவில்லை. டேப்லெட்டை அப்படியே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு அவள் வந்தாள்.

"அந்த மதிப்பெண் எதுவும் உன்னுது இல்ல" என்றேன். "என்னுது. நான்தான் தினம் காலைல ஆடினேன்."

அவள் என்னையும் பார்த்தாள், மேஜைமேல் விரித்துக் கிடந்த கடிதத்தையும் பார்த்தாள். எதிரே உட்கார்ந்து, அதை மெதுவாக மடித்தாள்.

"இதைப் படிச்சிட்டீங்க. என்னைத் தேத்தறதுக்கு இப்படிச் சொல்றீங்க."

"இல்ல, நிஜமா நான்தான்."

"உங்களுக்கு இதை ஆன் பண்ணத் தெரியுமா? போன மாசம் வால்யூமைக் குறைக்கணும்னு தலைகாணியைப் போட்டு மூடினீங்க."

பொய் சொல்லிச் சொல்லி, உண்மையைச் சொன்னால் நம்ப ஆள் இல்லாமல் போய்விட்டது எனக்கு. கோபம் வேறு வந்தது, அதுவும் என்மேலேயே. "நான்தான்னு சொல்றேன்ல! வேற எப்படிச் சொல்லணும்?" என்று மேஜையைத் தட்டினேன்.

அவள் முதுகு நிமிர்ந்தது. குரல் மாறிவிட்டது. கவுண்டரில் அவள் பேசுகிற குரல்.

"சரி, உங்க பொருள்னு சொல்றீங்க. எந்த நாள்லேருந்து?"

"போன வாரத் திங்கக்கிழமை."

"எத்தனை மணி?"

"அஞ்சேகால். நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடி முடிச்சிடுவேன்."

"வெளியிலேருந்து பாத்தா தெரியாத அடையாளம்?"

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். பதினோரு நாள் ஆடியவனுக்கு ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. அத்தனை முகம், அத்தனை பெயர், அத்தனை கடைச் சாமான், எல்லாம் எங்கேயோ ஓடிவிட்டது. திருதிருவென்று முழித்தேன். அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். அவள் முகத்தில் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் வடிவதைப் பார்த்தேன்.

"கோழி!" என்று கத்தினேன்.

"என்ன கோழி?"

"பத்தாம் நிலைலேருந்து, ஒவ்வொரு நிலையும் முடிஞ்சா ஒரு கோழி வரும். தொப்பி போட்டிருக்கும். கை தட்டும்."

"கோழிக்கு ஏதுங்க கை?"

"இறக்கையால தட்டும்!"

"நான் அப்படி ஒரு கோழியைப் பாத்ததே இல்லையே."

"நீதான் பத்தாம் நிலையை ஒரு தடவைகூட முடிக்கலையே!"

சொன்ன பிறகுதான் எவ்வளவு மோசமான பேச்சு என்று உறைத்தது. அவளுக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. டேப்லெட்டை என் பக்கம் தள்ளினாள்.

"ஆடுங்க. கோழி வருதான்னு பாக்கலாம்."

பதிமூன்றாம் நிலை. பதிமூன்று ஜன்னல். ஐந்தேகால் மணிக்குத் தனியாக ஆடுவது வேறு, அவள் கண் முன்னால் ஆடுவது வேறு. முதல் தடவை நாலாவது ஜன்னலிலேயே தப்பு. இரண்டாம் தடவை பாதி தாண்டினேன், மறுபடி சிவப்பு விளக்கு.

"ஏழாவது ஜன்னலுக்கு மேல் மாடிக்குப் போகணும். நீங்க கீழ போனீங்க" என்றாள். பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

மூன்றாம் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடினேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. கடைசி ஜன்னல் எது என்று சுத்தமாக மறந்துவிட்டது. இடது ஓரம் என்று குத்துமதிப்பாகத் தொட்டேன். ஒரு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பீப்பீ என்று ஊதிக்கொண்டு, தொப்பி போட்ட கோழி ஒன்று திரையின் குறுக்கே ஓடி வந்து நின்று இறக்கையைத் தட்டியது.

அவள் அந்தக் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது தட்டி முடித்து, குனிந்து வணக்கம் சொல்லி, போய்விட்டது.

"அப்போ நான் ஆடிட்டு மறந்துபோகலையா?"

"இல்ல."

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட இல்ல."

இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். என்மேல் கோபத்தில் இல்லை, பயம் விட்ட அழுகை. கல்யாணமான நாற்பத்திரண்டு வருஷத்தில் அப்படி அவள் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போகவும் தைரியமில்லை, தள்ளி நிற்கவும் மனமில்லை. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, கடிதத்தை நாலாகக் கிழித்தாள். அதற்கப்புறம்தான் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் கோழி எவ்வளவோ தேவலை.

அன்று சாயங்காலம் வகுப்பில் மற்ற ஐந்து பேர் முன்னாலும் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். என்னையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். ஆறு கட்டமும் என்னையே முறைத்தது. அதில் ஒன்று என் சொந்த மூஞ்சி.

"பதிமூணா?" என்றது நெற்றி. "சார், எங்க வகுப்புல சேர உங்களுக்குத் தகுதி இல்ல."

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "ஐயா, நீங்க செஞ்சது உதவி இல்ல. நடக்கப் பழகற ஒருத்தரைத் தினமும் மலை உச்சியில கொண்டு போய் விட்டுட்டு வந்திருக்கீங்க" என்றார். என் மகள் வயதுகூட இருக்காது அவருக்கு. என் வீட்டில் என்னை ஒருவர் திட்டி நான் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை.

"அந்தப் பதினோரு நாளை எடுத்துடறேம்மா. நீங்க இருந்த நாலாம் நிலைலேருந்தே போகலாம். இன்னும் பதினேழு நாள் இருக்கு. ஆனா அறிக்கையில இதை எழுதியாகணும்."

"எழுதாம விட முடியாதா?" என்று கேட்டுவிட்டேன். "மேலாளர் பாத்தா என்ன நினைப்பாரு? வேலையே போயிடுமே."

என் மனைவி திரும்பினாள். "அடுத்தவங்க பொருளை என் பேர்ல எழுதிக்கிட்டா இத்தனை வருஷம் அங்க உக்காந்திருந்தேன்? எழுதுங்கம்மா நீங்க."

பதினேழு நாளும் நான் எதிரே உட்கார வேண்டும் என்று உத்தரவு போட்டாள். என் இரண்டு கையும் மேஜைமேல் அவள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். தேவையில்லாமல் ஒரு விரல் அசைந்தாலும் தொண்டையைச் செருமுவாள். ஆனால் அப்படி உட்கார்ந்ததால்தான் அவள் எப்படி ஆடுகிறாள் என்பதை முதல் தடவையாகப் பார்த்தேன். தெரிந்த இடத்தில் வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்திருந்தார். இவள் ஒவ்வொரு முகத்தையும் ஓர் அலமாரியில் ஏற்றினாள். மீசைக்காரர் திங்கள், சுருட்டை முடி அம்மா புதன், சிரிக்கிற பையன் சனி. கண்ணை மூடிக்கொண்டு அலமாரி அலமாரியாக நடந்து போய் எடுத்துக்கொண்டு வருவாள். நேரம் எடுக்கும். எனக்கு ஆத்திரமாக வரும், நான் இதற்குள் மூன்று ஆடியிருப்பேனே என்று. ஆனால் அவள் கொண்டு வருவது சரியாக இருக்கும். நாலு ஐந்தாகி, ஐந்து ஆறாகி, கடைசி வாரம் ஆறிலேயே நின்றது. கோழியை அவள் பார்க்கவே இல்லை. அதைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அறிக்கை இரண்டு பக்கம். ஆட்டத்தில் ஏறியதாலேயே எல்லா மறதியும் தீர்ந்துவிட்டதாக நினைக்கக் கூடாது என்று அதில் ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். ஞாபகம் ஆரம்பத்தில் இருந்ததிலிருந்து குறையவில்லை, கவனம் கொஞ்சம் கூடியிருக்கிறது, ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று வைத்துக்கொண்டால் நன்றாகச் செய்கிறார் என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில் என் திருவிளையாடலுக்கு ஒரு முழுப் பத்தி. 'குடும்ப உறுப்பினர் ஒருவர்' என்று கௌரவமாகப் போட்டிருந்தார்கள்.

"நான் வேணா வந்து மேலாளர்கிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க எங்கயும் வர வேண்டாம். செஞ்சது போதும்" என்று கிளம்பிப் போனாள்.

அன்று பகல் நகரவே இல்லை. சமையலறைக் குழாயைக் கழற்றி மாட்டினேன். நன்றாக இருந்த குழாய், அதற்குப் பிறகு ஒழுக ஆரம்பித்தது. ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. செருப்பை விட்டாள். முகம் கழுவினாள். நான் போட்டுக் கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பஸ் நிலையத்தில் புது பெஞ்ச் போட்டிருக்கிறார்களாம், உட்கார்ந்தால் வழுக்குகிறதாம். யாரோ ஒரு வயலினை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களாம். எதிர்க் கடையில் போர்டு மாற்றிவிட்டார்களாம். நானும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். வேலை என்ன ஆயிற்று என்பது மட்டும் வரவில்லை.

வாய் வரைக்கும் கேள்வி வந்தது. கேட்க முடியவில்லை. மேலாளரைப் பார்த்ததையே மறந்துவிட்டாளோ? நான் கேட்டு, அவள் அப்போதுதான் 'அடடா' என்று விழித்தால்? அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? கடிகாரம் ஆறு அடித்தது. அவள் பெஞ்ச்சின் கலரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. மகள். எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் ஓடினேன்.

"அப்பா, என்ன ஆச்சு?"

"இன்னும் சொல்லல" என்று கிசுகிசுத்தேன்.

"கேளுங்களேன்!"

"எப்படிக் கேக்கறது? போனதையே மறந்துட்டான்னா? கேட்டா அவளுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்? எனக்கு உயிரே போகுதும்மா."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

போனோடு உள்ளே போனேன். மேஜைமேல் ஒரு தாள் விரித்து வைத்திருந்தாள். ஒப்பந்தம், இன்னும் ஒரு வருஷத்துக்கு. வாரத்தில் நாலு நாள், கவுண்டரில். ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான், அட்டை எழுதாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று மேலாளர் கையால் எழுதிச் சேர்த்திருந்தார்.

"ரெண்டாம் பக்கத்தைப் படிச்சிட்டு மேலாளர் சிரிச்ச சிரிப்புல பக்கத்து அறைலேருந்து ஆள் வந்துட்டாங்க" என்றாள். "அப்புறம், இதை எழுதச் சொன்னது யாருன்னு கேட்டாரு. நான்தான்னு சொன்னேன். கையெழுத்துப் போட்டுட்டாரு."

"வந்த உடனே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். "ஒரு மணி நேரமா நான் என்னென்னவோ நினைச்சிட்டேன்."

"தெரியும். கடிகாரத்தைப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்." டீயின் கடைசி வாயை நிதானமாகக் குடித்தாள். "நான் பதினோரு நாள் அப்படித்தான் உக்காந்திருந்தேன். நீங்க ஒரு மணி நேரம் உக்காந்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

போனில் மகள் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. எனக்குக் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. பஸ் ஏறியதிலிருந்து யோசித்து, செருப்பை விட்டு, முகம் கழுவி, பெஞ்ச்சைப் பற்றியும் வயலினைப் பற்றியும் வரிசையாகப் பேசி, சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் ஒரு மணி நேரம் விடாமல் மனதில் பிடித்து வைத்திருந்திருக்கிறாள். அதை நினைக்க நினைக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொரு மணி நேரம் வேண்டுமானாலும் உட்காருகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.